அக்காவுக்கு எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சை: எப்படி நடக்க வைப்பது?

கோண்டாவில்_தம்பி | ஜனவரி 11, இரவு 9.40

வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்கு 44 வயது. உயரம் 157 சென்ரிமீற்றர், எடை 112 கிலோ. எட்டு வருடமாக நீரிழிவு, மூன்று வருடமாகக் குருதி அமுக்கம், இரண்டு முழங்காலிலும் உளைவு. பெப்ரவரி நடுவில் கொழும்பில் ஸ்லீவ் என்று சொல்கிற இரைப்பைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. எவ்வளவு செலவு, எந்த வைத்தியர் என்பதெல்லாம் முடிந்த கதை. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

என் பிரச்சினை வேறு. இப்போதே நடக்கத் தொடங்க வேண்டும், பிறகும் விடக்கூடாது என்று வைத்தியர் சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை. "தினமும் நடவுங்கள் அம்மா" என்றார், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அக்காவோ படலையைத் தாண்ட மாட்டேன் என்கிறார். பாடசாலைக்கு ஸ்கூட்டர், கோயிலுக்கு ஓட்டோ, கடைக்கு நான். நல்ல சப்பாத்து ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. காலடி எண்ணும் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் பின்னேரம் 6,000 காட்டியது. சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அன்று முழுவதும் அதைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் ஓடித் திரிந்தது என் ஒன்பது வயது மகள்.

அன்பாகச் சொல்லிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன், பயமுறுத்தியும் பார்த்தேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகம்_சந்தை | ஜனவரி 11, இரவு 10.25

நடக்க மாட்டேன் என்பவருக்கு எதற்கு வெட்டுக் கொத்து? எங்கள் அம்மாமார் விடியப்புறம் எழுந்து கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள், உரலில் மா இடித்தார்கள். ஒருவருக்கும் இரைப்பையை வெட்ட வேண்டி வரவில்லை. சோற்றைக் குறைத்து ஒரு மணித்தியாலம் நடந்தால் எடை தானாக இறங்கும். இலட்சக் கணக்கில் கொட்டிச் செய்கிற இந்த வேலை குறுக்கு வழி. கோபிக்க வேண்டாம் தம்பி, மனதில் பட்டதைச் சொன்னேன்.

வெள்ளை_உடுப்பு | ஜனவரி 12, காலை 6.05

சந்தை அண்ணை, நான் சத்திரசிகிச்சை விடுதிகளில் இருபத்தாறு வருடம் தாதியாக நின்று ஓய்வு பெற்றவள். இந்தப் பேச்சை நோயாளியின் காதுபடச் சொல்லும் உறவினர்களை அந்தக் காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். இந்த எடைக்கு வந்த ஒருவர் சோற்றைக் குறைத்து நடந்தால், உடம்பு சும்மா இருக்காது. பசியைக் கூட்டும், எரிக்கும் சக்தியைக் குறைக்கும், இழந்ததைத் திரும்பப் பிடித்துவிடப் பார்க்கும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் ஹோர்மோன் ஒன்று பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால்தான் இதை வெறும் "சாப்பாட்டுப் பையைச் சிறிதாக்கும்" வேலை என்று சொல்ல முடியாது. குறுக்கு வழி என்றால் இவ்வளவு வலி இருக்காது அண்ணை.

தம்பி, இப்போது உங்களுக்கு. சத்திரசிகிச்சைக்கு முன் நடக்கச் சொல்வது எடையைக் குறைப்பதற்காக என்று அக்கா நினைத்தால் அவர் நடக்கவே மாட்டார். "நடந்தே குறையுமென்றால் எதற்கு வெட்டு?" என்று அவருக்கும் தோன்றும், சந்தை அண்ணையைப் போலவே. காரணம் வேறு. மயக்க மருந்தைத் தாங்க நெஞ்சும் சுவாசப்பையும் பழகியிருக்க வேண்டும். எழுந்து நடக்கும் பழக்கம் உள்ள உடம்பு, வெட்டு முடிந்த பிறகும் சுலபமாக எழும்.

அன்றைய நாளில் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மயக்கம் தெளிந்த சில மணித்தியாலங்களில், அதாவது அன்றே, தாதிகள் கட்டிலை விட்டு எழுப்புவார்கள். "ஐயோ, பாவம், படுக்கட்டும்" என்று அந்த நேரத்தில் குறுக்கே நிற்பது பெரும்பாலும் தம்பிமார்தான்! படுத்தே கிடந்தால் காலின் நாளங்களில் குருதி உறையலாம். அந்தக் கட்டி நகர்ந்து சுவாசப்பைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பருமன் கூடியவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். கட்டிலில் இருந்து கழிவறை வரை நடக்கிற அந்தப் பத்து அடியும் ஒரு மருந்துதான்.

இன்னொன்று. வயிற்றில் சிறு துளைகள் போட்டு அவற்றின் வழியாகச் சத்திரசிகிச்சை செய்யும்போது வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி ஊதச் செய்வார்கள். மிச்ச வாயு இரண்டு மூன்று நாள் தோள்மூட்டில் குத்தும். வயிற்றை வெட்டினால் தோள் ஏன் வலிக்கிறது என்று பயந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். மெல்ல நடந்தால் பலருக்கு அது இறங்கும். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள பிளாஸ்ரிக் கருவி ஒன்று தருவார்கள். அதை எல்லோரும் ஊதுவார்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். இப்போதே வாங்கி வீட்டில் பழகலாம்.

ஸ்காபரோ_குளிர் | ஜனவரி 12, காலை 8.50

நான் ஏழாலையில் பிறந்தவள், இப்போது கனடாவில். ஆறு வருடத்துக்கு முன் எடை குறைய இரைப்பை பைபாஸ் செய்தேன். ஒன்ராறியோவில் இதற்கு அரச மருத்துவக் காப்புறுதி கொடுக்கிறது, அதனால் காசு பற்றி நான் வாயைத் திறக்கக்கூடாது. முதல் ஒன்றரை வருடத்தில் 46 கிலோ குறைந்தது. மூன்றாம் வருடம் 9 கிலோ திரும்பி வந்தது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

தாதி அக்காவின் கருத்தோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். "நடந்தீர்களா?" என்று கேட்காதீர்கள் தம்பி. கேட்டால் "நடந்தேன்" என்றுதான் பதில் வரும், அது பொய்யும் அல்ல. கொப்பியில் தினமும் முப்பது நிமிடம் என்று எழுதினேன். கிளினிக்கில் இடுப்பில் கட்டும் ஒரு கருவியை ஒரு வாரத்துக்குத் தந்தார்கள். அதில் வந்தது என் கொப்பியின் பாதிக்கும் குறைவு! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எல்லோருக்கும் இப்படித்தான், ஆய்வுகளிலும் இதே கதைதான், சத்திரசிகிச்சைக்குப் பிறகு பல மடங்கு கூடுதலாக நடப்பதாக மனிதர்கள் சொல்கிறார்கள், கருவியில் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை" என்று கிளினிக்கில் இருந்த பெண் சொன்னார். உடம்பு இலேசான உணர்வை நாங்கள் நடந்ததாக எண்ணிக்கொள்கிறோம். 40 கிலோ குறைந்தவருக்குக் குசினிக்குப் போய்வருவதே பறப்பது போலிருக்கும்.

இங்கே மாசி மாதக் குளிரில் கடைத்தொகுதிக்குள் நடக்கிறேன். ஒரு மலையாளி அம்மா, ஒரு சீன ஐயா, நான். மூவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ஒருவர் வராவிட்டால் மற்ற இருவரும் வாசலில் காத்து நிற்போம். அந்தக் காத்திருப்புக்குப் பயந்தே நான் போகிறேன்.

நாரிப்பிடிப்பு | ஜனவரி 12, இரவு 8.15

இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். முழங்கால் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதைத் தாதி அக்கா என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

112 கிலோவும் முழங்கால் உளைவும் உள்ளவரிடம் "நட" என்பது, கல் குத்தும் காலோடு ஓடு என்பதைப் போல. நடையில் தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கைப்பிடி இல்லாத, சுவரோடு சாத்திய ஒரு கதிரை. இரு கைகளையும் நெஞ்சில் குறுக்காக வைத்து எழுந்து நிற்கட்டும், மெல்ல இருக்கட்டும். முதல் நாள் மூன்று முறை போதும். முடியாவிட்டால் கதிரையில் ஒரு தலையணையைப் போட்டு உயர்த்துங்கள். தொடைத் தசை பலமானால் முழங்கால் உளைவு குறையும், அப்போது படலை தானாகத் திறக்கும்.

அந்தக் கைக்கடிகாரத்தில் 10,000 என்று ஓர் இலக்கு வைத்திருப்பீர்கள், சரியா? அந்த எண் எந்த வைத்தியரும் கண்டுபிடித்ததல்ல. 1965 இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று காலடி மானிக்கு "பத்தாயிரம் அடி மானி" என்று பொருள்படும் பெயரை வைத்து விற்றது, அதிலிருந்து பரவியது. அக்கா இன்று 1,800 அடி நடக்கிறார் என்றால் அடுத்த வாரம் 2,300. அவ்வளவுதான்.

சுன்னாகம்_சந்தை | ஜனவரி 12, இரவு 9.02

கதிரையில் இருந்து எழும்புவது ஒரு பயிற்சியா? நான் நாள் முழுவதும் கடையில் அதைத்தான் செய்கிறேன்.

நாரிப்பிடிப்பு | ஜனவரி 12, இரவு 9.10

கையை ஊன்றாமல் செய்கிறீர்களா அண்ணை?

பழைய_றலி | ஜனவரி 13, காலை 5.30

எனக்கு 71 வயது. இளைப்பாறிய தபால் உத்தியோகத்தன். யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. பெற்றோல் கிடையாது. நெல் மூட்டை, நோயாளி, கலியாணப் பெண், பிரேதப் பெட்டிக்கான பலகை, எல்லாம் சைக்கிளில் போனது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது என் மனைவி ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒரு பையைத் தலையிலும் வைத்து இரவு முழுவதும் நடந்தவள். அந்த நடையைப் பற்றி யாராவது "உடம்புக்கு நல்லது" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சந்தைத் தம்பிக்கு இதைச் சொல்கிறேன். எங்கள் அம்மாமார் தண்ணீர் அள்ளியது விரும்பி அல்ல. குழாய் வந்த அன்றே வாளியைக் கவிழ்த்து வைத்தார்கள். கட்டாயத்தில் அசைந்த உடம்புகள் அவை. இப்போது கட்டாயம் இல்லை. அக்காவுக்கு அந்த இடத்தில் எதை வைப்பீர்கள் என்பதுதான் கேள்வி. சப்பாத்து அந்த இடத்தை நிரப்பாது.

கோண்டாவில்_தம்பி | ஜனவரி 19, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. கதிரை வேலை நடக்கிறது. நான் எண்ணவில்லை, மகள் எண்ணுகிறாள். முதல் நாள் நான்கு, இன்று ஒன்பது. அக்காவுக்கு அவளிடம் கோபம் வருவதில்லை.

ஒரு சந்தேகம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பும்போது ரயிலா, வாகனமா? கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர்.

வெள்ளை_உடுப்பு | ஜனவரி 20, காலை 6.20

எப்போது பயணம் செய்யலாம் என்பதைச் சத்திரசிகிச்சை செய்தவர் சொல்ல வேண்டும். ரயில் நல்லது, ஏனென்றால் அதில் எழுந்து நடக்க இடமுண்டு. ஒவ்வொரு மணித்தியாலமும் பெட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு தடவை. இருக்கும்போது குதிக்காலை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். வாகனமென்றால் இடையிடையே நிறுத்தி இறங்க வேண்டும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தாலோ, நெஞ்சு படபடவென்று அடித்தாலோ, காய்ச்சலோடு வயிறு வலித்தாலோ வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. அருகில் உள்ள வைத்தியசாலைக்குப் போங்கள்.

நெறியாளர் | பெப்ரவரி 3, பகல் 1.00

வயிற்றில் கட்டினால் கொழுப்பு உருகும் என்ற பட்டி விளம்பரத்தை நீக்கியிருக்கிறோம். இது நான்காவது தடவை. அடுத்த முறை கணக்கு முடக்கப்படும்.

கோண்டாவில்_தம்பி | பெப்ரவரி 27, இரவு 10.05

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

தாதி அக்கா சொன்னது அப்படியே நடந்தது. அன்று பின்னேரமே எழுப்பினார்கள். அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பிறகு உங்கள் இடுகை நினைவுக்கு வந்து வெளியே போய் நின்றேன். கதவிடுக்கால் பார்த்தேன், பத்து அடி அல்ல, பதினாறு அடி.

இரண்டாம் நாள் தோள் வலித்தது. "இது வாயு, எனக்குத் தெரியும்" என்று அக்கா பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு விளக்கம் சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்தது, இது அவருக்கு எப்படித் தெரியும் என்று. நான் சொல்ல மறந்திருந்தேன். விடுங்கள்.

பாரம் தூக்கக்கூடாது, ஆறு வாரம். கிணற்று வாளியும் கூடாது, என் மகளையும் தூக்கக்கூடாது. வளவுக்குள் காலை ஐந்து நிமிடம், பின்னேரம் ஐந்து நிமிடம் நடக்கிறார்.

இணுவில்_மருமகள் | பெப்ரவரி 28, காலை 11.40

என் மாமிக்கும் இதே சிகிச்சை போன வருடம். எங்கள் வீட்டில் செய்த பிழையைச் சொல்கிறேன், நீங்கள் செய்ய வேண்டாம். மூன்று மாதம் மாமியை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. தேநீர்க் கோப்பையைக்கூடக் கையில் கொடுத்தோம். எடை மளமளவென்று குறைந்தது, நாங்களும் சந்தோஷப்பட்டோம். நாலாம் மாதம் மாடிப்படி ஏற முடியவில்லை. எடை குறைந்த மனுசி முந்தியதைவிடப் பலவீனமாக இருந்தார். கொழுப்போடு தசையும் போயிருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். மரியாதை என்று நினைத்து நாங்கள் செய்தது அது.

நாரிப்பிடிப்பு | பெப்ரவரி 28, இரவு 8.30

மருமகள் சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். இந்தச் சிகிச்சைக்குப் பின் குறையும் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கொழுப்பு அல்ல. தசையும் அதைச் சேர்ந்ததும். எலும்பின் அடர்த்தியும் குறையும்.

உண்மையை மறைக்காமல் சொல்கிறேன்: சிகிச்சைக்குப் பின் பயிற்சி செய்பவருக்கும் செய்யாதவருக்கும் தராசில் பெரிய வித்தியாசம் இருக்காது, சில கிலோதான். பலர் இங்கேதான் மனம் விடுகிறார்கள். "இவ்வளவு நடந்தும் முள் அசையவில்லை" என்று. நடையால் முள் பெரிதாக அசையாது. படி ஏறும் பலமும், மூச்சும், எலும்பும்தான் வித்தியாசப்படும். தராசைப் பார்த்து ஊக்கப்படுத்தினால், தராசு நிற்கும் அன்று ஊக்கமும் நின்றுவிடும்.

ஆறு வாரம் கழித்து, வைத்தியர் சரி என்றால், ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு. அதுவே ஒவ்வொரு கிலோ பாரம். வாரத்தில் இரண்டு மூன்று நாள். நடையோ சைக்கிளோ மெல்ல ஏறி வாரம் 150 நிமிடத்துக்கு வரட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலில் எல்லா வளர்ந்தவருக்கும் 150 முதல் 300 நிமிடம் என்றுதான் இருக்கிறது. வேகத்தை அளக்கக் கடிகாரம் தேவையில்லை. நடந்துகொண்டு கதைக்க முடிய வேண்டும், ஆனால் தேவாரம் பாட முடியக்கூடாது.

புரதம் மறக்க வேண்டாம், நாளுக்குக் குறைந்தது 60 கிராம் என்பார்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம்தான். மீன், முட்டை, தயிர், பயறு என்று முதலில் அதைச் சாப்பிட்ட பிறகுதான் புட்டு.

கோண்டாவில்_தம்பி | ஏப்ரல் 21, பகல் 2.10

என்னைத் திட்டுங்கள்.

புதுவருடம் முடிந்த கையோடு, நன்றாகத்தானே இருக்கிறார் என்று, காலை பத்து மணிக்கு நல்லூர்க் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வெளி வீதியை மூன்று சுற்றுச் சுற்றுவோம் என்றேன். இரண்டாம் சுற்றில் அக்காவுக்குக் கண் இருட்டி, மதிலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். யாரோ ஒரு கடைக்காரர் ஓடி வந்து கதிரை போட்டார். சுற்றிலும் சனம். தண்ணீர்ப் போத்தல் காருக்குள்.

வெள்ளை_உடுப்பு | ஏப்ரல் 21, பகல் 2.45

திட்ட மாட்டேன், ஆனால் கேட்பேன். குருதி அமுக்க மாத்திரை இன்னும் பழைய அளவா? எடை இறங்கும்போது அமுக்கமும் இறங்கும். 112 கிலோவுக்கு எழுதிய மாத்திரை இப்போதைய உடம்புக்குக் கூடிவிடலாம். நீரிழிவு மருந்துக்கும் இன்சுலினுக்கும் இதே கதை, அதோடு வெறும் வயிற்றில் நடந்தால் சீனி கீழே போகும். நீங்களாகக் குறைக்க வேண்டாம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு இன்றே வைத்தியரிடம் போங்கள்.

இந்த இரைப்பை ஒரே மடக்கில் ஒரு கோப்பை தண்ணீரை ஏற்காது. தாகம் வந்த பிறகு குடித்து ஈடு செய்ய முடியாது. நாள் முழுவதும் வாய் வாயாகக் குடிக்க வேண்டும், சாப்பாட்டோடு சேர்க்காமல் அரை மணித்தியாலம் தள்ளி. சித்திரை வெயிலில் பத்து மணிக்கு நடை கிடையாது. காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஆறரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

கோண்டாவில்_தம்பி | ஏப்ரல் 23, இரவு 8.00

அமுக்க மாத்திரை பாதியாக்கப்பட்டது. சீனிக்கான ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அக்கா என்னோடு நடக்க வரமாட்டாராம். அதுவும் நியாயம்தான். ஐந்தரைக்குத் தனியே போக நாய்கள் பயம். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஏழு நாய்.

மூன்றாம்_பாடவேளை | ஜூன் 14, இரவு 9.30

வணக்கம். நான்தான் அந்த அக்கா.

ஜனவரியிலிருந்து இந்த இழையை வாசிக்கிறேன். தம்பி கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவான். தோள் வலி வாயு என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று சந்தேகப்பட்டானே, அது இப்படித்தான். தாதி அக்கா, வைத்தியசாலையில் அந்த இரவு எனக்குத் துணை நீங்கள் எழுதியதுதான்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். என் நிறை, உயரம், வயது எல்லாம் முதல் இடுகையிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டதால் மறைக்க ஒன்றுமில்லை. எனவே ஏன் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை இங்கே ஒருவரும் கேட்கவில்லை. முழங்கால் ஒரு காரணம், சரி. நாய்கள், சரி. ஆனால் எங்கள் ஒழுங்கையிலிருந்து பிரதான வீதி வரை பதினொரு படலை. ஒவ்வொரு படலையிலும் ஒரு குரல்: "எங்கே போகிறீர்கள் ரீச்சர்?" சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் மேலும் கீழும் ஒரு பார்வை. அடுத்த நாள் பாடசாலையில் என் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்ற பயம். வேர்த்து, மூச்சு வாங்கி, பெரிய வெள்ளைச் சப்பாத்தோடு பதினொரு வீட்டின் விடுப்புக்குப் பதில் சொல்வதைவிட, சத்திரசிகிச்சை எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. சந்தை அண்ணை இதை விளங்கிக்கொண்டால் போதும்.

சிகிச்சைக்குப் பிறகு கேள்வி மாறியது. "எத்தனை கிலோ குறைந்தது?" சந்தையிலும் கேட்கிறார்கள், செத்த வீட்டிலும் கேட்கிறார்கள். நல்லூரில் கண் இருட்டிய அன்று எனக்குக் கதிரை போட்டவர்கூடக் கேட்டார்.

இப்போது நான் நடக்கிறேன். எப்படித் தொடங்கியது என்று தம்பிக்குச் சரியாகத் தெரியாது, ஆகவே எழுதுகிறேன். மே மாதத்தில் ஒரு நாள் அவன் வர நேரமானது. மருமகளுக்கு ரியூசன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளை, ஒரு வகுப்பும் தவறக்கூடாது. என் ஸ்கூட்டர் திருத்தத்துக்குப் போயிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே கூட்டிப் போனேன். 900 மீற்றர். திரும்பி வரும்போதுதான் கவனித்தேன், ஒரு படலையிலும் ஒருவரும் "எங்கே போகிறீர்கள்" என்று கேட்கவில்லை. கையில் பிள்ளையும் தோளில் புத்தகப் பையும் இருந்தால் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் விடை தெரியும். ரியூசனுக்குப் போகிறவளை யார் மறிப்பார்?

அன்றிலிருந்து வாரத்தில் ஐந்து நாள் நான்தான் கூட்டிப் போகிறேன். ஒரு தடவைக்கு 900, போய் வர 1,800, கொண்டுபோய் விட்டுப் பிறகு கூட்டி வர 3,600 மீற்றர். வாரத்துக்கு 18 கிலோமீற்றர். முதல் வாரம் வழியில் இரண்டு இடத்தில் மதகில் இருந்தேன். இப்போது இருப்பதில்லை. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நடக்கிறோம். பதினேழாம் வாய்ப்பாடு சொல்ல முடிகிறது, தேவாரம் பாட முடியவில்லை, ஆகவே வேகம் சரிதான். அந்த வெள்ளைச் சப்பாத்தை இன்னும் போடவில்லை. பழைய கறுப்புச் சப்பாத்துத்தான்.

எடை எவ்வளவு என்று எழுத மாட்டேன். பாடசாலை மேல்மாடி வகுப்புக்கு ஒரே மூச்சில் ஏறுகிறேன், அது போதும். போத்தல் இரண்டும் கதிரையும் தொடர்கின்றன.

தம்பி, நீ செய்ததில் எனக்கு உதவியது ஒன்று இருக்கிறது. வைத்தியசாலையில் கதவுக்கு வெளியே போய் நின்றாயே, அது.

கோண்டாவில்_தம்பி | ஜூன் 14, இரவு 9.52

கைத்தொலைபேசியின் இரகசிய எண்ணை மாற்றப் போகிறேன்.

ஸ்காபரோ_குளிர் | ஜூன் 14, இரவு 10.20

ரீச்சர், ஒரு எச்சரிக்கை மட்டும், அனுபவத்தில் சொல்கிறேன். ஓகஸ்ட் விடுமுறையில் ரியூசன் நின்றால் என்ன செய்வீர்கள்? பரீட்சை முடிந்த பிறகு? எனக்கு நடை நின்றது இப்படி ஒரு இடைவெளியில்தான். இரண்டு வாரம் என்று நினைத்தேன், எட்டு மாதம் போனது.

மூன்றாம்_பாடவேளை | ஜூன் 15, காலை 5.10

அதைத்தான் கேட்க வந்தேன். பரீட்சை முடிந்தால் மருமகள் சைக்கிளில் போவாளாம். அவளோடு நானும் சைக்கிளில் போகலாமா என்று யோசிக்கிறேன். கடைசியாக ஓடியது இருபது வருடத்துக்கு முன். கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் பழைய லேடீஸ் சைக்கிள், ஆசனம் கொஞ்சம் அகலமாக, யாரிடமாவது இருக்கிறதா?

நாரிப்பிடிப்பு | ஜூன் 15, காலை 7.45

நல்லது. முழங்காலில் அவ்வளவு பாரம் இறங்காது. ஆசனத்தை உயர்த்தி வையுங்கள். மிதி கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் எல்லோரும் ஆசனத்தைத் தாழ்த்தி, முழங்காலை நெஞ்சுவரை மடக்கித்தான் ஓடுகிறார்கள்.

பழைய_றலி | ஜூன் 15, காலை 8.30

என் மனைவியின் சைக்கிள் ஆறு வருடமாக விறாந்தையில் சாத்தியபடி நிற்கிறது. இரண்டு ரியூப்பும் மாற்ற வேண்டும், சங்கிலிக்கு எண்ணெய் விட வேண்டும். காசு பேச வேண்டாம் ரீச்சர். மணி அடிக்காது, அதை மட்டும் நீங்கள் வாங்கிப் பூட்டுங்கள். ஏழு நாய்க்கும் மணி தேவைப்படும்.

சுன்னாகம்_சந்தை | ஜூன் 15, இரவு 9.20

ரீச்சர், நான் முதலில் எழுதியது கொஞ்சம் கூடிவிட்டது.

நாரிப்பிடிப்புத் தம்பி, அந்தக் கதிரை எத்தனை அங்குல உயரம் இருக்க வேண்டும்? கேட்பது எனக்கல்ல, வீட்டில்.

நாரிப்பிடிப்பு | ஜூன் 15, இரவு 9.31

17 அங்குலம். வீட்டில் உள்ளவரிடம் சொல்லுங்கள் அண்ணை, முதல் நாள் மூன்று முறைக்கு மேல் வேண்டாம், கடை மேசையையும் பிடிக்கக்கூடாது.